நிலைத்தவை அல்ல நட்சத்திரங்கள்: அஸ்-ஸூஃபியின் ஏட்டிலிருந்து காவலூர் வரை



மத்ரஸாக்களில் பயிலப்படும் பழைய வானியல் நூல்களில் விண்மீன்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. புதன், வெள்ளி, செவ்வாய் போன்று இடம் மாறுகின்றவை 'அஸ்-ஸய்யாரா', அதாவது பயணிகள். ஏனையவை 'அஸ்-ஸவாபித்', அதாவது நிலைத்தவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதகுலம் அவ்வாறே நம்பியது. கிரேக்கர் நம்பினர், அரபியர் நம்பினர், நம் நாட்டு ஜோதிட நூலாரும் நம்பினர். அந்த நம்பிக்கை எவ்வாறு தளர்ந்தது, அது தளர்ந்தபின் நாம் வாழும் பால்வீதியின் கட்டமைப்பு எவ்வாறு வெளிப்பட்டது, அதில் ஹைதராபாத்திலும் நம் தமிழகத்திலும் உழைத்தவர்களின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நான்கு செந்நிற விண்மீன்கள்

வானில் வெறுங்கண்ணால் காணக்கூடிய நான்கு செந்நிற விண்மீன்களை முதலில் அறிமுகம் செய்கிறேன். தமிழில் ரோகிணி என்பதை அரபியர் 'அத்-தபரான்' என்றனர். கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து வருவது என்பது அதன் பொருள். திருவாதிரையை 'யதுல் ஜவ்ஸா' என்றனர். கேட்டையை 'கல்புல் அக்ரப்', அதாவது தேளின் இதயம் என்றனர். சுவாதியை 'அஸ்-ஸிமாக் அர்-ராமிஹ்', ஈட்டி ஏந்திய ஸிமாக் என்றனர். இவற்றுள் ரோகிணியையும் திருவாதிரையையும் ஐரோப்பியர் இன்றும் அரபுப் பெயரின் திரிபாலேயே அழைக்கின்றனர்.

இந்த நான்கும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை போலத் தோன்றும். நான்கும் சூரியனைவிடப் பன்மடங்கு பருத்தவை. தன் மையத்தில் இருந்த ஹைட்ரஜன் எரிபொருள் தீர்ந்தபின் ஒரு நட்சத்திரம் வெளிப்புறம் உப்பிப் பெருத்து, மேற்பரப்பு குளிர்ந்து சிவக்கிறது. அந்நிலையை அடைந்தவற்றைச் செம்பெரு விண்மீன்கள் என்பர். சிவப்பு ராட்சத நட்சத்திரங்கள் என்றும் கூறுவதுண்டு. சுவாதியின் விட்டம் சூரியனின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு. திருவாதிரையும் கேட்டையும் அதனினும் பன்மடங்கு பெரியவை.

ஆனால் நிறம் ஒன்றாயிருப்பதால் வயதும் ஒன்றாகிவிடாது. சுவாதியின் வயது சுமார் 700 கோடி ஆண்டுகள் என்று இன்று கணிக்கப்படுகிறது. நம் சூரியனே அதற்கு இளையது. திருவாதிரையோ பிறந்து ஒரு கோடி ஆண்டு அளவே ஆனது. மிகுந்த எடையோடு பிறந்ததால் எரிபொருளை விரைந்து செலவிட்டு, அதற்குள் முதுமையை எட்டிவிட்டது. ஆகவே ஒரு செம்பெரு விண்மீனைக் கண்டால், இது எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, எவ்வழியே இங்கு வந்தது என்று தனித்தனியே வினவ வேண்டியிருக்கிறது. அந்த வினாக்களுக்கு விடை தருபவை மூன்று: அசைவு, வேதியியல், வயது.

அசைவு: ஏடுகள் தந்த சான்று

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், கி.பி. 964-ஆம் ஆண்டளவில், பாரசீகத்தின் இஸ்ஃபஹானில் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி என்னும் அறிஞர் நிலைத்த விண்மீன்களைப் பற்றிய நூலை இயற்றினார். தாலமி என்னும் பழைய அறிஞர் விட்டுச்சென்ற 48 விண்மீன் குழுக்களையும் ஒவ்வொன்றாகத் தம் கண்ணால் பார்த்து, ஒளி எவ்வளவு, நிறம் யாது என்று திருத்தி எழுதினார். இன்று ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் என அறியப்படுவதைச் சிறு மேகம் போன்றது என்று குறித்து வைத்தவரும் அவரே. அவருக்குச் சற்றே பின்வந்த பஸராவின் இப்னுல் ஹைஸம், 'அல்-மஜர்ரா' எனப்படும் பால்வீதி நம் காற்றுமண்டலத்துப் புகை அன்று, அது வெகுதொலைவில் உள்ளது என்று வாதிட்டார். பார்க்கும் இடம் மாறினாலும் அதன் தோற்ற இடம் மாறவில்லை என்பது அவர் காட்டிய ஆதாரம்.

அஸ்-ஸூஃபியின் சிறப்பைச் சொல்லும்போது அதன் எல்லையையும் நாம் சொல்லியாக வேண்டும். விண்மீன்களின் ஒளியை அவர் புதிதாக மதிப்பிட்டார். இடங்களை அவர் புதிதாக அளக்கவில்லை. தாலமியின் எண்களோடு, இடைப்பட்ட காலத்துக்கான ஒரே அளவைக் கூட்டி எழுதிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவைக் கூட்டினால், தனியாக ஒன்று நகர்ந்திருப்பது கணக்கில் தெரிய வராது. புதிதாக அளக்கும் பெரும்பணியை 1437-இல் முடித்தவர் ஸமர்கந்தின் உலுக் பேக். அவருடைய அட்டவணையில் 1,018 விண்மீன்கள் உள்ளன.

1718-இல் இங்கிலாந்தின் எட்மண்ட் ஹேலி பழைய ஏடுகளைத் தம் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டார். சுவாதி, ரோகிணி முதலிய சில, பழைய இடத்தில் இல்லை. நிலைத்தவை நகர்ந்திருந்தன! சுவாதியின் நகர்வு ஆண்டுக்கு ஒரு பாகையின் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ஒரு மனிதனின் ஆயுளில் வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. ஆனால் எண்ணூறு ஆண்டில் முழுநிலவின் அகலத்தைக் கடந்துவிடும். அஸ்-ஸூஃபி பார்த்த இடத்தில் இன்று சுவாதி இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விண்மீனின் அசைவை ஒரு தலைமுறை தனியே அறிய இயலாது. முன்னோர் ஒருவர் நேர்மையாக அளந்து எழுதி வைத்தால்தான் பின்னோர் ஒருவர் அதைக் கண்டுகொள்வார். அளந்தவருக்கு அதன் பலன் தெரியாமலே போகலாம்.

ஒரு நவாபின் தொலைநோக்கி

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹைதராபாத் சமஸ்தானத்துப் பிரபுக்களில் ஒருவரான நவாப் ஸஃபர் ஜங், 1901-இல் தம் சொந்தச் செலவில் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து, தம் மாளிகை வளாகத்தில் ஓர் ஆய்வகம் அமைத்தார். அதற்கு நிஜாமியா எனப் பெயரிட அனுமதி பெற்றார். தமக்குப் பின் அது அரசின் பொறுப்பில் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். 1907-இல் அவர் மறைந்தார். 1908-இல் நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. 1919-இல் அது உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

பாரிஸில் 1887-இல் தொடங்கிய ஒரு பன்னாட்டுத் திட்டம் வானம் முழுவதையும் புகைப்படத் தட்டுகளில் பதிந்து, விண்மீன்களின் இடங்களை அட்டவணையாக்க முனைந்தது. பல நாட்டு ஆய்வகங்கள் வானத்தைப் பட்டை பட்டையாகப் பங்கிட்டுக்கொண்டன. தென்னமெரிக்காவின் சாண்டியாகோவுக்கு ஒதுக்கப்பட்ட பட்டையை ஹைதராபாத் ஏற்றது. பின்னர் ஜெர்மனியின் போட்ஸ்டாம் விட்டுவைத்த பட்டையையும் சேர்த்துச் செய்தது. 1914-இல் பொறுப்பேற்ற போகாக், 1918-இல் வந்த டி. பி. பாஸ்கரன் ஆகியோரின் காலத்தில், இரவில் தட்டுகளைப் பதிவதும் பகலில் புள்ளி புள்ளியாக அளப்பதுமாக ஆண்டுகள் கழிந்தன. பன்னிரண்டு தொகுதிகளில் ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் அச்சாயின. பாஸ்கரனுக்குப் பின் 1944-இல் அக்பர் அலி அதன் இயக்குநரானார்.

அந்தத் தொகுதிகள் நெடுங்காலம் நூலகத்து அலமாரிகளில் தூசி படிந்து கிடந்தன. 1989-இல் ஐரோப்பியர் ஹிப்பார்க்கோஸ் என்னும் செயற்கைக்கோளை ஏவினர். அது விண்மீன்களின் இடத்தை மிகத் துல்லியமாக அளந்தது. எனினும் மூன்றரை ஆண்டே அளந்ததால், மிகுதியான விண்மீன்களின் அசைவை அதனால் மட்டும் நம்பகமாகக் கூற இயலவில்லை. அப்போதுதான் பழைய தொகுதிகளின் நினைவு வந்தது. அறுபது, எழுபது, தொண்ணூறு ஆண்டு இடைவெளி இருந்தால் சிறு நகர்வும் பெரிதாகத் தெரியுமல்லவா? ஹைதராபாத் உட்பட அத்திட்டத்தில் பங்கேற்ற ஆய்வகங்களின் அளவுகள் செயற்கைக்கோள் அளவுகளோடு ஒப்பிடப்பட்டன. 2000-இல் வெளியான டைக்கோ-2 அட்டவணையில் 25 இலட்சம் விண்மீன்களின் அசைவுகள் இவ்வாறே கிடைத்தன. நவாப் காலமாகி 93 ஆண்டுகள் கடந்திருந்தன. நாம் ஸதகத்துல் ஜாரியா என்று கிணற்றையும் பள்ளிவாசலையும் மட்டுமே எண்ணுகிறோம். பயனளிக்கும் கல்வியும் அதில் ஒன்றென்பதை அறியாதவர் நம்மில் இல்லை. ஆயினும் அக்கல்வியில் ஒரு தொலைநோக்கியும் அடங்கும் என்று எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

சென்னையும் காவலூரும்

நமது சென்னைக்கும் இக்கதையில் இடமுண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே அளந்த 11,015 விண்மீன்களின் அட்டவணையை டெய்லர் 1844-இல் வெளியிட்டார். அங்குப் பணிபுரிந்த ரகுநாதாச்சாரி 1867-இல் தென்வானில் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு ஒரு முறை விம்மி அடங்கும் அதுவும் ஒரு செம்பெரு விண்மீனே.

ஹைதராபாத் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த தலச்சேரிக்காரர் ஒருவரின் மகன், 1927-இல் சென்னையில் பிறந்தார். அவரே வைணு பாப்பு. தந்தையோடு நிஜாமியா ஆய்வகத்தில் வானைப் பார்த்து வளர்ந்தவர், ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு சென்று பயின்றார். பின்னர் ஓலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து 1957-இல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார். விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், ஊதா ஓரத்தில் கால்சியம் உண்டாக்கும் இருண்ட கோடு ஒன்று தெரியும். குளிர்ந்த விண்மீன்களில் அந்த இருட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று எழுகிறது. விண்மீனின் உண்மையான ஒளிவலிமை கூடக்கூட அந்த ஒளிக்கோட்டின் அகலமும் கூடுகிறது என்பதை 185 விண்மீன்களைக் கொண்டு இருவரும் நிறுவினர்.

இதன் பயன் யாது? தெருமுனையில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அது அருகிலுள்ள சிறு விளக்கா, தொலைவிலுள்ள பெரு விளக்கா? விளக்கின் வாட் அளவு தெரிந்தால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். பாப்புவும் வில்சனும் செம்பெரு விண்மீன்களின் வாட் அளவைப் படிக்கும் வழியைக் காட்டினர். தொலைவு தெரிந்தால்தான் ஒரு விண்மீன் பால்வீதியில் எங்கே நிற்கிறது என்று குறிக்க முடியும்.

தாயகம் திரும்பிய பாப்பு, 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். வடவானும் தென்வானும் ஒருங்கே தெரியும் இருண்ட இடம் தேடி, வாணியம்பாடிக்கும் ஆலங்காயத்துக்கும் அப்பால் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் அங்கே சிறு தொலைநோக்கி ஒன்று செயல்படத் தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறைவுறுமுன், 1982-இல் அவர் காலமானார். 1986-இல் அத்தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி உறவினர் வீடுகளுக்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் அந்த மலையேறிப் பார்த்திருக்கிறோம்?

வேதியியல்: பிறந்த மண்ணின் அடையாளம்

இரண்டாவது சான்று வேதியியல். விண்மீன் எந்த வாயு மேகத்தில் பிறந்ததோ, அந்த மேகத்தின் கலவையை அதன் மேற்பரப்பு பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறது. தொடக்ககாலப் பிரபஞ்சத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சொற்ப அளவில் லித்தியமும் மட்டுமே இருந்தன. ஆக்சிஜன், மக்னீசியம், இரும்பு முதலியவை பின்னர் விண்மீன்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் உருவானவை.

வெடிப்பில் இருவகை உண்டு. மிகு எடை கொண்டவை பிறந்து சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து, ஆக்சிஜனையும் மக்னீசியத்தையும் மிகுதியாக வீசுகின்றன. எரிந்து முடிந்த சிறு விண்மீன்கள் துணை விண்மீனின் காரணமாக வெடிப்பது மற்றொரு வகை. இவை இரும்பை மிகுதியாகத் தருகின்றன. ஆனால் பெரும்பாலும் நூறு கோடி ஆண்டு அளவு தாமதித்தே வருகின்றன. ஆகவே ஒரு விண்மீனில் இரும்பு குறைந்து, இரும்போடு ஒப்பிட மக்னீசியம் மிகுந்திருந்தால், அது இரண்டாம் வகை வெடிப்புகள் பெருகுமுன், அவசர அவசரமாக விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்த சூழலில் தோன்றியது என்று அறியலாம். சுவாதி அத்தகையதே. அதன் இரும்பு விகிதம் சூரியனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் அசைவும் அவ்வாறே சாட்சி சொல்கிறது. பால்வீதியைச் சுற்றும் ஓட்டத்தில் அது சூரியனைவிட நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்தங்குகிறது.

செம்பெரு விண்மீன்களை ஏன் தேட வேண்டும்? அவை மிகுந்த ஒளியுடையவை. சூரியன் போன்ற ஒன்றைப் பால்வீதியின் மறுகோடியில் வைத்து அதன் வேதியியலைப் படிப்பது அரிது. செம்பெரு விண்மீனை அங்கேயும் படிக்கலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2011-இல் தொடங்கிய அப்போஜி திட்டம், தூசியை ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைப் படித்தது. அவற்றுள் பெரும்பாலானவை செம்பெரு விண்மீன்களே. பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த சுனேத்ரா கிரிதர் முதலியோர், ஒரே மேகத்தில் கூட்டாகப் பிறந்த விண்மீன் குழுக்களிலுள்ள செம்பெரு விண்மீன்களை எடுத்து, பால்வீதியின் மையத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல உலோகங்களின் அளவு எவ்வாறு குறைகிறது என்று ஆராய்ந்தனர்.

வயது: விண்மீனின் அதிர்வு

மூன்றாவதான வயதே கடினமானது. முதிர்ந்த விண்மீனின் ஒளியையும் நிறத்தையும் மட்டும் கொண்டு அதன் வயதைத் துல்லியமாகக் கூற முடியாது. வழி திறந்தது அதிர்வின் மூலம். தஃப் இசைக்கும்போது பெரிய தஃப் கனத்த ஒலியையும் சிறியது மெல்லிய ஒலியையும் எழுப்புவதை நாம் கேட்டிருக்கிறோம். விண்மீன்களும் உள்ளே கொதிக்கும் வாயுவால் அதிர்கின்றன. சூரியனின் அதிர்வு ஐந்து நிமிடங்களுக்கு ஒன்று. செம்பெரு விண்மீன்களின் அதிர்வு மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நிகழ்கிறது. 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி, அவற்றின் ஒளி நுண்ணிய அளவில் ஏறி இறங்குவதை ஆண்டுக்கணக்கில் பதிந்தது. அதிலிருந்து பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட செம்பெரு விண்மீன்களின் எடை கணக்கிடப்பட்டது. எடை தெரிந்தால் வயது தெரியும். எடை மிகுந்தவை இளமையிலேயே இந்நிலையை எட்டும். எடை குறைந்தவை மெல்லவே வந்து சேரும்.

மூன்றும் சேர்ந்து காட்டிய பால்வீதி

2013-இல் ஏவப்பட்ட கையா செயற்கைக்கோள் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களை அட்டவணைப்படுத்தியது. இப்போது மூன்று சான்றுகளும் ஒரே இடத்தில் சேர்ந்தன.

பால்வீதி ஒரே தட்டாக இல்லை. மெல்லிய தட்டு ஒன்றில் இளைய, இரும்பு மிகுந்த விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே தளத்தில் சீராகச் சுற்றுகின்றன. அதைச் சூழ்ந்து தடித்த தட்டு ஒன்று உண்டு என்று கில்மோர், ரீட் என்னும் இருவர் 1983-இல் கூறினர். அதிலுள்ளவை முதியவை, மக்னீசிய விகிதம் மிகுந்தவை, மேலும் கீழுமாக ஏறி இறங்கிச் சுற்றுபவை. சூரியன் மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டுகளுக்கும் சற்று அதிகத் தொலைவில், மெல்லிய தட்டில் உள்ளது. சுவாதி தடித்த தட்டின் பண்புகளோடு நம் அருகே கடந்து செல்கிறது. அது இவ்வட்டாரத்தின் குடிமகன் அன்று, வழிப்போக்கன்.

2018-இல் அமினா ஹெல்மியும் அவர் குழுவினரும், எதிர்த்திசையில் அசையும் ஒரு பெருங்கூட்ட விண்மீன்களை ஆராய்ந்தனர். அவற்றின் வேதியியலும் தடித்த தட்டினதாக இல்லை. அசைவும் கலவையும் ஒருசேர மாறுபட்டதால், அவை வேறொரு சிறு விண்மீன் மண்டலத்தில் பிறந்தவை என்றும், சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பால்வீதியோடு மோதிக் கலந்தது என்றும் முடிவு செய்தனர். 2022-இல், செம்பெரு நிலைக்குள் அடியெடுத்து வைக்கும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் விண்மீன்களின் வயதைக் கணித்த வேறொரு ஆய்வு, தடித்த தட்டு சுமார் 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவாகத் தொடங்கியது என்றது.

நமக்கு உரியது எது?

இத்தகைய செய்திகள் வெளிவந்தவுடன், இது எங்கள் வேதத்தில் முன்னரே உள்ளது என்று வாட்ஸ்அப்பில் பரப்புவோர் நம்மில் உண்டு. இரும்பின் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருப்பதை எடுத்துக்கொண்டு, இன்றைய ஆய்வின் எண்களை அதனோடு முடிச்சுப் போடுவர். இது வேதத்துக்குச் செய்யும் மரியாதை அன்று. ஆய்வின் எண்கள் மாறும் இயல்புடையவை. திருத்தப்படுவதே ஆய்வின் பண்பு. நாளை அந்த எண் மாறினால், அதனோடு ஈமானைக் கட்டி வைத்த பிள்ளையின் நிலை என்னாகும்? வானத்தைச் சிந்தித்துப் பார்க்குமாறு ஏவப்பட்டவர்கள் நாம். பிறர் சிந்தித்துக் கண்டதற்கு உரிமை கோருமாறு ஏவப்பட்டவர்கள் அல்லர்.

நம் முன்னோர் மீது பெருமை கொள்வதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அஸ்-ஸூஃபி தாலமியின் ஏட்டை மதித்தார், ஆனால் கண்ணால் பார்த்துத் திருத்தவும் செய்தார். ஸஃபர் ஜங் தொலைநோக்கியை வாங்கினார். அதில் ஆங்கிலேயரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர்பின் ஒருவராக உழைத்தனர். அங்கே வளர்ந்த பாப்பு காவலூரை நமக்குத் தந்தார். இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணியும் தனக்கே அனைத்தும் என்று சொல்லிக்கொள்ள இயலாது. ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் மற்றவை பயனற்றுப் போயிருக்கும்.

எங்கள் கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையின் விளக்கொளியும் சென்னையின் வெளிச்சமும் பால்வீதியை முற்றிலும் மறைத்துவிட்டன. ஆனால் சுவாதி மறையவில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் இஷாத் தொழுகை முடித்துத் திரும்பும்போது, மொட்டை மாடியில் நின்று வடக்கே பாருங்கள். ஏழு விண்மீன்கள் கொண்ட கரண்டி வடிவம் தெரியும். அதன் காம்பின் வளைவை நீட்டிக்கொண்டே சென்றால் ஆரஞ்சு நிறத்தில் பேரொளியுடன் ஒன்று நிற்கும். அதுவே அஸ்-ஸிமாக் அர்-ராமிஹ். பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். அதன் பெயரை அரபியிலும் தமிழிலும் சொல்லிக் கொடுங்கள். அது நிலைத்தது அன்று, 700 கோடி ஆண்டு நடந்து வருவது என்றும் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் அதை அளக்க விரும்பினால், தடுக்காமல் துணை நில்லுங்கள்.

பயனளிக்கும் கல்வியை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.